கப்பலேறிப் போன றபீக்கா ரீச்சர்

கல்முனையில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற றபீக்கா ரீச்சரை, கனடாவிலிருக்கும் மகள் ஹிமாயா அலாஸ்காவுக்குக் கப்பல் பயணம் அழைத்திருந்தாள். அந்தக் குளிர்நாட்டை ரஷ்யர்கள் ஆண்ட காலத்துக் கிறிஸ்தவ வேதக்கோயில்களைப் பார்த்துவரும் பயணம். கேள்விப்பட்ட அன்றே ரீச்சரின் மூத்த சகோதரர் ஆதம்பாவா காக்கா வாசலில் வந்து நின்றார்.

"கடல் உன்ட புருசன எடுத்தது காணாதா? கப்பலேறி வேதக்கோயில் பாக்கப் போகணுமா? ஊரு என்ன கதைக்கும்?"

"ஊருக்கிட்ட நான் கேக்கல்ல காக்கா. உங்களுக்கிட்டயும் கேக்கல்ல. சொல்லிட்டுப் போறன்."

புருசனைப் பறிகொடுத்த சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே தலைகாட்டாதவர், சொன்னபடி மகளோடு போயே விட்டார்.

கப்பல் ஒரு சிறு தீவின் முன்னால் நின்றது; படகில் கரைக்குப் போனார்கள். கரையில் நீலக் கும்மட்டம் வைத்த மரக்கோயில். "ரஷ்யர்கள் இந்த மக்களுக்கு வேதமும் எழுத்தும் கொடுத்தார்கள்" என்றான் வழிகாட்டி.

"எடுத்துக்கொண்டு போனது என்ன?" என்று ரீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார்.

வழிகாட்டி சிரித்து மழுப்பினான். பதில், கோயிலைப் பராமரிக்கும் தீவுக்கார மூதாட்டி மரியாவிடமிருந்து வந்தது.

"கடல் நீர்நாய்த் தோலுக்காக எங்கள் ஆண்களைக் கடலுக்கு வேட்டையாட விரட்டினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிணை வைத்தார்கள். கடைசியில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாட்டையே அமெரிக்காவுக்கு விற்றார்கள். இந்தக் கோயில் மட்டும் எங்களுடையது. எங்கள் பாஷையில்தான் இங்கே பாடுகிறோம். நான் சிறுமியாக இருந்தபோது சுனாமி இந்தக் கோயிலை விட்டுவிட்டு ஊரையே அள்ளிப்போனது. வேறிடம் போகச் சொன்னார்கள். மாட்டோம் என்று இங்கேயே திரும்பக் கட்டினோம்."

ரீச்சர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். இருவருமாகக் கோயிலுக்குள் போனார்கள்.

கைபேசி அடித்தது. ஊரில் விடியற்காலை ஸுபஹு தொழுத கையோடு காக்கா வீடியோவில் வந்திருந்தார். ரீச்சருக்குப் பின்னால் தெரிந்த புனிதர்களின் படங்களையும் மெழுகுதிரிகளையும் கண்டதும் அவர் முகம் கடுத்தது.

"உள்ளுக்கா நிக்கிறாய்? வெளிய வா!"

"வரமாட்டன். என்ட ஈமான் எனக்கிட்டத்தான் இரிக்கி, இந்தச் சுவரு அத எடுக்காது." கைபேசியை மரியாவின் பக்கம் திருப்பினார். "இவங்கட ஊரையும் கடல் அடிச்சிரிக்கி காக்கா. ஊர உட்டுப் போகச் சொல்லியும் போகல்லயாம்."

ஆதம்பாவா கைபேசியைக் கிட்டக் கொண்டுவந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, வெளிய வந்து கதை" என்றார், குரல் இறங்கி.

"இன்னம் பாத்து முடியல்ல."

தொடர்பைத் துண்டித்துவிட்டுச் சுவரோரத்து மரவாங்கில் மரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அலை வந்த நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டார்.