பாக்கெட்லேருந்து கையை எடுய்யா!

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதல்ல. இந்தியானாவில் ஒரு சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கு. பின்வரிசைப் பெண்மணி பாப்கார்ன் சிதற எழுந்து கத்தினாள்: "பாக்கெட்லேருந்து கையை எடுய்யா, கோச்!" அவர் எடுக்கவில்லை. ஏன்? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: தொழில்முறை அணிகளுக்குப் பயிற்சியளித்துப் பேரும் புகழும் பெற்ற வெர்னன் ஸ்டக்கி அவர்கள்...

(சே, இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: மூன்று தொழில்முறை அணிகள் ஸ்டக்கியை வீட்டுக்கு அனுப்பின. கடைசியில் இந்தக் கல்லூரிதான் இடம் கொடுத்தது. இன்று தோற்றால் இதுவும் போச்சு. நிர்வாகம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது.

3

வம்பு இங்கேதான். இன்று பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம், இதில் கல்லூரி வழக்கப்படி இறுதியாண்டுப் பையன்களைத்தான் முதலில் இறக்க வேண்டும், நான்கு வருஷமும் பெஞ்சைத் தேய்த்தவனாக இருந்தாலும். நடுவர் விசிலடித்து ஆட்டம் முதன்முறை நின்றதும் மாற்றிவிடலாம். ஊரே எழுந்து கைதட்டும்.

"பெரிய ஆட்டத்துல இந்தக் கூத்தெல்லாம் கிடையாது," என்று முணுமுணுத்தார் ஸ்டக்கி.

"இங்க உண்டு," என்றாள் துணைப் பயிற்சியாளர் லொரீன். "லட்விக்கை இறக்கலைன்னா அவங்கம்மா உங்களைப் பிச்சுப் போட்டுடுவாங்க."

பெஞ்சைத் தேய்த்த அந்த டாரன் லட்விக், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "நான் சொதப்பினா டைம் அவுட் கேட்டுத் தூக்கிடுங்க கோச். கோவிச்சுக்க மாட்டேன்."

(இவன் இவ்வளவு நல்லவனா? கொஞ்சம் திமிர் சேர்த்து எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

4

விசில் ஊதவே இல்லை. பந்து கோட்டைத் தாண்டவில்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. லட்விக் பந்தைக் கோட்டைவிட்டான். எதிரணி கூடையில் போட்டது. மறுபடி கோட்டைவிட்டான், மறுபடி போட்டது.

"டைம் அவுட் கேளுங்க கோச்! வேலை போயிடும்!" லொரீன் பதறினாள்.

டைம் அவுட் சைகை காட்ட ஸ்டக்கியின் கைகள் பழக்கத்தில் மார்புவரை எழுந்துவிட்டன. லட்விக் அதைப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை. வெளியே வரத் தயாராகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வேலை போன மூன்று ஊர்களிலும் ஸ்டக்கியும் இப்படித்தான், யாரும் சொல்லுமுன்பே பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்.

கைகளை நம்பாமல் இரண்டையும் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

"என்னடா பார்க்கிற? ஆடு!" என்று கத்தினார்.

5

முடிவு அ: லட்விக் எங்கிருந்தோ எறிந்த பந்து கூடையில்... (போதும், சினிமா.)

முடிவு ஆ: தோற்றார்கள். ஸ்டக்கி மறுபடியும் பெட்டியை...

(இதையும் எழுத மனசு வரவில்லை.)

யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பையனைத் தடுமாற விடுங்கள், வேலையைப் பறித்துக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். அந்தப் பெண்மணி எவ்வளவு கத்தினாலும் சரி, அவர் கையை மட்டும் வெளியே எடுக்க வைத்துவிடாதீர்கள்.