காசி கொடுத்த வாக்கு

அப்பாவின் கால் பெருவிரல்களில் தளர்ந்த கட்டை மாற்ற அபிநயா பழைய வேட்டியைக் கிழித்தாள். துணி நேராகக் கிழியாமல் ஓரத்துக்கு ஓடியது. அம்மா காந்தா அதை வாங்கி, வேறு பட்டை கிழித்துக் கொடுத்தாள்.

காசி முந்தின நாள் மதியம் இறந்துபோனார். நெஞ்சு வலி என்று லீவு போட்டுவிட்டு மூன்று நாளாக மலைமேல் வீட்டில்தான் இருந்தார். மூச்சு முட்டியதும் காந்தா மகளுக்கு ஏழு முறை போன் செய்தாள். போளூரில் அபிநயா வேலை செய்யும் கம்பெனியில் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது காசியின் வேலை. அன்று அவர் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். டீ நேரத்தில் போனைப் பார்த்துவிட்டு அவள் பஸ் பிடித்து மலையேறி வந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

அந்தக் கம்பெனி முன்பு அச்சகம். அறுபது வருடம் பள்ளிக்கூட நோட்டும் கல்யாணப் பத்திரிகையும் அடித்த இடம். காசி அங்கே பைண்டர். ஐந்து வருடத்துக்கு முன் முதலாளி தனசேகரன் மிஷின்களை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர்கள் போட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களை டைப் செய்து அனுப்பும் வேலை. பைண்டர்கள் எல்லோரையும் நிறுத்தினார். காசியிடம் மட்டும், பன்னிரண்டாவது முடித்த மகளை உள்ளே அனுப்பினால் அவரை வாசலில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றிலிருந்து அபிநயா முகம் தெரியாதவர்களின் நோய்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் வேலூரில் லேப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அப்பாவிடம் சொல்லவே இரண்டு வாரம் ஆனது. எத்தனை வருடப் படிப்பு என்று அவர் கேட்டார். பிறகு, “நீ போ. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். என்ன பேசுவார் என்று அவள் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குத் தனசேகரன் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். மாலை போட்டபோது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. காந்தாவின் பக்கம் திரும்பினார்.

“போன வாரம்கூட எங்கிட்ட வந்து நின்னாரும்மா. பெரியவள வுட்ருங்க, படிக்கட்டும், சின்னவள அனுப்பறேன்னாரு. அவரு வார்த்தைய நான் தட்ட மாட்டேன். காரியம் முடிஞ்சதும் கீதாஞ்சலிய அனுப்புங்க.”

காந்தா கைகூப்பினாள். பன்னிரண்டாவது படிக்கும் கீதாஞ்சலி அழுகையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

அபிநயா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடைக்கட்டுக்கு மேல் நெற்றியில் திருநீறு அப்பியிருந்தது. ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

“அவ பரீட்சை எழுதணும் சார்,” என்றாள். “நானே வர்றேன்.”

“வேலூரு?”

“போவல சார்.”

அவசரமில்லை, காரியம் முடிந்தே வரட்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். காந்தா மறுபடியும் கைகூப்பினாள்.

பாடையைத் தூக்கியபோதுதான், கார் பாதையை அடைத்து நிற்பது தெரிந்தது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். திருப்ப இடமில்லை. தனசேகரன் பின்னாலேயே எடுக்கப் பார்த்து, பயந்து நிறுத்தினார். யாரும் நகரவில்லை. அபிநயா போய்ப் பள்ளத்து ஓரமாக, அவர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றாள்.

“வாங்க சார். இன்னும் வரலாம்,” என்று கையசைத்தாள்.

பாடையைத் தோளில் வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள்.