இருபத்துமூன்றாம் எண்

கூட்டேரிப்பட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் என் அண்ணன் ஜெகதீசன். இந்தச் சித்திரையில் எங்கள் கிணற்றிலேயே மூழ்கிச் செத்துப்போனான். குதித்தான், இரண்டு கை போட்டான், அப்படியே அடங்கிவிட்டான். விழுப்புரத்தில் பிரேதப் பரிசோதனை செய்து, நீரில் மூழ்கி இறப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் காத்து கருப்பு என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்களைவிட நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான் சென்னையில் இதய ஆராய்ச்சி செய்கிறவள். ஒவ்வொரு துடிப்பு முடியும்போதும் இதயச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். அதற்கு நுண்ணிய வாசல்கள் உண்டு. அயன் சேனல் என்போம். சிலருக்குப் பிறவியிலேயே அவை மெதுவாக வேலை செய்யும். ஆள் கிண்ணென்று இருப்பார். ஈசிஜியில் ஓர் இடைவெளி மட்டும் நீண்டு தெரியும். நீந்தும்போது திடீரென்று இதயம் தடுமாறி நின்றுவிடும். பதினாறு வருடமாக இதைத்தான் படிக்கிறேன், பாடம் நடத்துகிறேன்.

காரியம் முடிந்த மறுநாளே ஆய்வகத்துக்கு ஓடினேன். பதினோரு வருடத்துக்கு முன்பு, நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நலமாக இருக்கிற நாற்பது பேரின் ஈசிஜி எனக்குத் தேவைப்பட்டது. அண்ணனையும் வரவழைத்திருந்தேன்.

"என் இதயந்தானே? எடுத்துக்கினு போ. உங்க அண்ணியே இன்னும் கேக்கல," என்று சிரித்தபடி உள்ளே போனான்.

அளக்கிறவருக்குப் பெயர் தெரியக் கூடாது என்பது எங்கள் முறை. என் கைக்கு எண் மட்டும்தான் வரும். பெயர்ப் பட்டியல் பேராசிரியரின் அலமாரியில் பூட்டியிருக்கும்.

முப்பத்தொன்பது பேருக்கு ஒழுங்காக வந்தது. இருபத்துமூன்றாம் எண்ணுக்கு மட்டும் இடைவெளி நீண்டிருந்தது. நலமானவருக்கு இப்படி வராது, ஆகவே கருவிப் பிழை. அந்தத் தாளிலேயே அப்படி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதைக் கணக்கிலிருந்து நீக்கினேன். அந்த ஆளைத் தேடி மறுபடி எடுக்கச் சோம்பல். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரைதான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது.

இப்போது சாவி வாங்கி அலமாரியைத் திறந்தேன். இருபத்துமூன்று: ஜெகதீசன். தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் சங்கவியின் நினைவு வந்தது. அண்ணன் மகள், ஒன்பது வயது, அவனைப் போலவே தண்ணீர்ப் பைத்தியம். அப்பனிடமிருந்து அவளுக்கும் வந்திருக்கலாம். எனக்கு இல்லை, என் ஈசிஜியை என்றைக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டவள் நான்.

மறுநாள் காலை திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் அவளைப் படுக்க வைத்தேன். "கூசுது அத்தை," என்று நெளிந்தாள். காகிதம் வெளியே வந்தது. மறுபடி எடுக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும் எடுக்கச் சொன்னேன். மூன்றிலும் அந்த இடைவெளி நீண்டேதான் இருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் அண்ணி தையல்நாயகி காத்திருந்தாள்.

"தெனமும் இத போடணும் அண்ணி. கெணத்துப் பக்கம் வுடக் கூடாது. டாக்டர் பாத்துக்கினே இருப்பாரு. பயப்படாதீங்க."

"அவருக்கும் இதுதானா?"

"ஆமா அண்ணி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் என்னால் முடியவில்லை. பையிலிருந்து இருபத்துமூன்றாம் எண்ணின் பழைய ஈசிஜி தாளை எடுத்து அவள் மடியில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது அவரு நெஞ்சா?"

"ஆமா."

அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாகக் கடைசிவரை ஓட்டினாள். கடைசியில் என் கையெழுத்து இருந்தது.

"இந்த மாத்திர அப்பவே இருந்துச்சா கவிதா?"

"இருந்துச்சு அண்ணி."

அண்ணி தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சங்கவியின் கையைப் பிடித்தபடி எதிரே இருந்த மருந்துக் கடைக்கு நடந்தாள்.

"அத்தை வரலியாம்மா?" என்று பிள்ளை திரும்பிப் பார்த்துக் கேட்டது. அண்ணி திரும்பவில்லை.