மாமனாருக்கு வாங்கிய டூத்பிரஷ்கள்

ஒண்டிக்கட்டையாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு டூத்பிரஷ் எதற்கு? நான் ஒன்றும் வேலை மெனக்கெட்டு எண்ணவில்லை. மளிகைக் கடையில் அவளுக்குப் பின்னால் நின்றேன், கண்ணில் பட்டது. கண் என்று ஒன்று இருந்தால் படத்தானே செய்யும்.

அவள் என் பக்கத்து வீட்டில் இருக்கிற பூனைக் காப்பகத்தின் நர்ஸ். தொற்று வந்த பூனைகளைத் தனியே அடைத்து வைக்கிற பின்னறை அவள் பொறுப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை அங்கிருந்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். கந்தகம் கலந்த மருந்துத் தண்ணீரில் பூனைகளை நனைப்பாளாம். நனைந்த பூனையும் மஞ்சள், கையுறையைத் தாண்டி அவள் மணிக்கட்டும் மஞ்சள்.

"ஏம்மா, பூனைக்குப் பல்லு விளக்கி விடறியா?" என்று கேட்டே விட்டேன்.

"பல்லுக்கு இல்லக்கா, முடிக்கு. படர்தாமரை வந்த பூனைங்க. புது பிரஷால உடம்பு பூரா வாரி, அதை ஒரு மருந்துத் தட்டுல அழுத்தி வைப்போம். பூஞ்சைக் காளான் இருந்தா தட்டு செவந்துடும். அடுத்தடுத்து ரெண்டு தட்டு செவக்காம இருந்தாதான் வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு பூனைக்குத் தொட்ட பிரஷை இன்னொண்ணுக்குத் தொடக்கூடாது."

பரவாயில்லை, சில குடும்பங்களைவிடச் சுத்தம்தான்.

அந்தத் தடவை உள்ளே ஆறு பேர். ஐந்து குட்டிகள் சமர்த்தாகத் தேறி ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. மிச்சம் ஒரு கிழட்டுக் கடுவன். மகள் வீட்டுக்கு வந்து, உட்கார நாற்காலி கிடைக்காத ஆள் மாதிரி ஒரு முகம். அதனால் மாமனார் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மாமனாரை வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். நம் தெருமுனை சலூன்காரர்தான். சடை பிடித்துக் கிடந்த மாமனாருக்கு மெஷின் போட முதல் நாள் வந்தவர். (அந்த மெஷினைக் காப்பகத்துக்கே கொடுத்துவிட்டார். இல்லையென்றால் நம் வீட்டு ஆண்கள் தலை என்ன கதி ஆகியிருக்கும்?) பாதி மொட்டையில் மாமனார் அவர் முழங்கையில் தலைசாய்த்துத் தூங்கிப்போனதாம். மனுஷன் அங்கேயே கவிழ்ந்துவிட்டார். கடை விடுமுறை தவறாமல் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பதால், தொற்று முழுசாகப் போகாமல் கூட்டிப்போக வழியில்லை.

புண்ணெல்லாம் ஆறிவிட்டது. முடியும் பட்டுப்போல முளைத்துவிட்டது. ஆனால் தட்டு சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. மூன்றாவதும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் சமையலறை ஜன்னலும் அந்தப் பின்னறை ஜன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிரே இருக்கின்றன. நான் ஒட்டுக்கேட்கவில்லை. சாயங்காலக் குளிருக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நிற்பேன், பேச்சு தானாக வரும்.

"இன்னும் ஒரு தட்டுதான் பார்ப்பேன்," என்றார் காப்பகத்து டாக்டரம்மா. "புதுக் குட்டிங்களுக்கு அறை வேணும். அதுவும் செவந்தா இவனை ஊருக்கு வெளியில இருக்கிற கொட்டகைக்கு அனுப்பிடுவோம்."

"அங்க யாருமே வரமாட்டாங்க, டாக்டர். இங்கயே பாதிச் சாப்பாட்டை விட்டுட்டான். போனா அவ்வளவுதான்."

"நோய் போயிடுச்சும்மா. காளான்தான் மேல தூசி மாதிரி ஒட்டியிருக்கு. எங்கிருந்தோ திரும்பத் திரும்ப வருது. எங்கேன்னு நீ கண்டுபிடி."

அவள் தேடினாள். துண்டுகளை எரித்தாள். சுவரைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவினாள். கடைசியில் தன்மேலேயே சந்தேகம் வந்து, இடுப்பு வரைக்கும் இருந்த முடியைச் சலூன்காரரிடம் கொடுத்துக் காதளவுக்கு வெட்டிக்கொண்டாள். காதல் தோல்வி என்று தெருவில் பேச்சு. அதை ஆரம்பித்தது யார் என்று இப்போது ஆராய வேண்டாம்.

சலூன்காரரும் தளர்ந்துபோனார். அவருக்குத் தெம்பு கொடுக்க நர்ஸ் ஒருநாள் நீல விளக்கைக் காட்டக் கூப்பிட்டாள். நோய்ப்பட்ட முடி அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னுமாம். இப்படி ஒரு வேடிக்கையை விடுவேனா? பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன்.

திரையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். விளக்கு மாமனாரின் காது, கன்னம், வால் என்று ஊர்ந்தது. எங்கும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

"பாத்தீங்களாண்ணே? சுத்தமா இருக்கான்."

சலூன்காரர் மாமனாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அக்கா... உங்க கை என்ன, மின்மினி மாதிரி?"

குனிந்து பார்த்தேன். ஸ்வெட்டரின் வலது கை முழுக்கப் பச்சைப் பொறி. ஒவ்வொன்றும் ஒரு பூனைமுடி.

மாமனார் எழுந்து, நேராக வந்து, வழக்கம்போல அந்தக் கையில் கன்னத்தைத் தேய்க்க எக்கியது. நர்ஸ் அதை வாரி எடுத்துக்கொண்டாள்.

"ஜன்னல் வலை மூலையில கிழிஞ்சிருக்கே. எத்தனை நாளாக்கா?"

"வந்த மொத நாள்லேர்ந்து," என்றேன். "தினமும் கொஞ்ச நேரம் கையை உள்ள விட்டுத் தடவிக் கொடுப்பேன். ஒத்தையில கத்திட்டே இருந்துச்சும்மா. மனசு கேக்கல."

"ஸ்வெட்டரைத் தோச்சீங்களா?"

"கம்பளி சுருங்கிடுமே."

ஊரார் கதையெல்லாம் என் வாயில். என் கதை என் கையில் எரிந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். முழங்கைக்குக் கீழே வட்டமாக, சிவப்பாக ஒரு தடிப்பு. வளையல் அலர்ஜி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "நான் அனாவசியமா முடிய வெட்டிக்கிட்டேனேக்கா!"

"வெட்டு நல்லாதான இருக்கு," என்றார் சலூன்காரர், தொழில் மானம் போகாமல்.

அன்றே டாக்டரம்மாவிடம் ஸ்வெட்டரைப் பையில் கட்டிக்கொண்டு போய் நின்றேன். "தப்பு என்மேல. அவனுக்கு இன்னொரு தவணை கொடுங்க." வாழ்க்கையில் என்னைப் பற்றி நானே வத்தி வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் பையைத் திறக்காமலேயே தலையாட்டினார். ஸ்வெட்டரை எரித்தார்கள். வலையைத் தைத்தார்கள். எனக்கு மருத்துவமனையில் களிம்பு. மாமனாருக்கு மறுபடி இரண்டு முறை கந்தகக் குளியல், இரண்டு புது பிரஷ். இரண்டையும் நானே வாங்கிக் கொடுத்தேன். தினமும் தைத்த வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுத்துணை மட்டும் கொடுத்தேன். பேச்சுக்கா என்னிடம் பஞ்சம்? தெருக்கதை கேட்டுக்கொண்டே மாமனார் சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்யப் பழகியது.

முதல் தட்டு சிவக்கவில்லை. இரண்டாவது முடிவு வருகிற நாளில் சலூன்காரர் கடையையே திறக்கவில்லை. நர்ஸ் ஜன்னலுக்கு வந்து தட்டைத் தூக்கிக் காட்டினாள். வைத்தபோது இருந்த அதே மஞ்சள்.

இப்போது மாமனார் சலூனில், காத்திருப்பவர்களுக்கான நீள இருக்கையில் பாதியை ஆக்கிரமித்திருக்கிறது. என்னைவிடப் பெரிய வாய் அந்தக் கடைக்கு. என் ஸ்வெட்டர் கதை தெரியாத தலை இந்தத் தெருவில் இல்லை. நேற்று அந்தப் பக்கம் சும்மாதான் போனேன். மாமனார் இறங்கி வந்து என் வலது கையை முகர்ந்தது. கம்பளியைத் தேடியிருக்கும். ஆறி வழவழவென்று இருந்த தோலைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, அதிலேயே கன்னத்தைத் தேய்த்தது.

"தேய்க்கட்டும்க்கா," என்றார் சலூன்காரர், யாரோ ஒருவர் தாடையில் சோப்பு நுரை தடவியபடி. "ரெண்டு பேருமே சுத்தம்தான."