நர்ஸ் மேல் ஒரு வழக்கு

புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குள் யாராவது புதிதாக நுழைந்தால், அடிதடி நடக்கிறது என்று நினைத்து வந்த வழியே ஓடிவிடுவார்கள். படுக்கை விரிப்பு மடிக்கிற நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர், வாயில் சாப்பாட்டோடு கத்திக்கொண்டிருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. செவ்வாய் சாயங்காலம் டிவியில் தொடர் வரும். புதன் மத்தியானம் இங்கே நீதிமன்றம் கூடும். அவ்வளவுதான்.

நீதிமன்றம் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. முறைப்படி நடக்கும். தொடரில் யார் என்ன தப்புப் பண்ணினார்களோ அவர்தான் குற்றவாளி. ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் காப்பாற்றுவார். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடும் தையலம்மாதான் நீதிபதி. சட்டம் படித்தவர் என்று இல்லை. கையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும், எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வராது. துவைக்கிற எந்திரத்தின் வடிகட்டியில் தினமும் சிக்குகிற பொத்தான்களை அவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. குற்றவாளி என்றால் கறுப்பைத் தகர டப்பாவில் போட வேண்டும், இல்லை என்றால் வெள்ளையை. போடாத பொத்தானை வேலை முடிந்து போகும்போது திருப்பித் தர வேண்டும்.

அந்த வாரம் மாட்டிக்கொண்டவள் நர்ஸ். தொடரில் வருகிற நர்ஸ். அவளுடைய உயிர்த் தோழி ஒரு பாட்டுக்காரி. ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். பெரிய இசைக்குழு ஒன்றிலிருந்து, 'பதினைந்து நாளுக்குள் வந்து சேர்ந்துகொள்' என்று பாட்டுக்காரிக்குக் கடிதம் வருகிறது. தபால்காரரிடம் வாங்கியவள் நர்ஸ். வாங்கினாள், படித்தாள், ஒளித்துவைத்துவிட்டாள். தோழி போய்விட்டால் தான் தனியாகிவிடுவோமே என்ற பயம். கெடு முடிந்தது, பாட்டுக்காரி ஊரோடு கிடக்கிறாள். முந்தின நாள் ஒளிபரப்பான பகுதியில் கதை இந்த இடத்தில் நின்றது. மறுநாள் காலையிலிருந்தே சலவைக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது.

"குற்றம் சாட்ட யாரு வரீங்க?" என்று தையலம்மா கேட்டு வாய் மூடுவதற்குள், "நான்!" என்று கையைத் தூக்கியவள் சின்னவள்.

இந்தச் சின்னவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். அதே கூடத்தில்தான் வேலை. ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஜோடியாக விரிப்பு மடிக்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். வீடும் ஒன்றுதான். சின்னவளின் புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பான். பெரியவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். தங்கையின் குழந்தைக்கு அவள்தான் இன்னொரு அம்மா.

சின்னவள் ஏன் அப்படிப் பாய்ந்துகொண்டு கையைத் தூக்கினாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பாப்பா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, பெரியவள் பெயருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. வேறு ஊரில் பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேலை. பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும். வாங்கிப் பிரித்துப் படித்தவள் சின்னவள். அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல் வேறு. ஒரு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று வைத்தாள். ஒரு நாள் இரண்டாச்சு, இரண்டு பதினைந்தாச்சு. அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பது?

நேற்று அந்தத் தொடரை அக்காவோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோது சின்னவள் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. இன்றைக்கு நீதிமன்றத்தில் பேசாமல் உட்கார்ந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. திருடியவன்தான் 'திருடன், திருடன்' என்று முன்னால் ஓடுவான், இல்லையா? அதே கதைதான்.

"இவள்லாம் ஒரு தோழியா?" என்று மேஜையைத் தட்டி ஆரம்பித்தாள். "கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா! அந்தப் பாட்டுக்காரி இவளை நம்பி ஒரே தட்டுல சாப்பிடறா. இவ அவளோட வாழ்க்கையைத் தூக்கி ஒளிச்சு வெச்சுட்டு, 'இன்னிக்குத் தபால் ஏதும் வரலையே'ன்னு வாய் கூசாம சொல்றா. இதுக்கு மன்னிப்பு உண்டா? சொல்லுங்க, உண்டா?"

"இல்லவே இல்ல!" என்றார் வண்டிக்காரர். வார்டு வார்டாக அழுக்குத் துணி ஏற்றிவரும் இவர், ஒவ்வொரு பகுதியையும் டிவியில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை என்று இரண்டு முறை பார்ப்பவர். தொடரில் யார் எந்தக் காட்சியில் என்ன நிறச் செருப்புப் போட்டிருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்லுவார்.

கை தட்டினார்கள். சின்னவளுக்கு வியர்த்துவிட்டது. இவ்வளவு நன்றாகத் திட்டுவோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவளையே குத்தியது.

"காப்பாத்த யாராவது இருக்கீங்களா?" என்றார் தையலம்மா.

"நான் பேசறேன்" என்று சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள் பெரியவள்.

பெரியவள் சாதாரணமாக வாயைத் திறக்காதவள். கடைசியில் பொத்தான் போடுவதோடு சரி.

"அவ பண்ணினது தப்புதான். அதை நான் இல்லேன்னு சொல்லல" என்று பெரியவள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஆனா கெட்டவங்கிறீங்களே, அதுதான் எனக்குப் பொறுக்கல. பயந்தவ வேற, கெட்டவ வேற. தனியா விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு நடுங்கிப் போயிருக்கா அந்தப் பொண்ணு. அந்த நேரத்துல யாருக்குப் புத்தி வேலை செய்யும்?"

"அதுக்காக?" என்று யாரோ இழுத்தார்கள்.

பெரியவளுக்குச் சூடு ஏறிவிட்டது. "அதுக்காக என்ன அதுக்காக? நெஜமாவே கெட்டவளா இருந்தா கடிதத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டிருப்பா. இவ போட்டாளா? பத்திரமா இல்ல வெச்சிருக்கா! அலமாரி மேல்தட்டுல, அந்த வாத்துப் படம் போட்ட காலண்டர் தாளுக்கு அடியில, ஒரு மடிப்புக் கலையாம வெச்சிருக்கா. இருக்கா இருக்கான்னு போய்த் தொட்டுத் தொட்டுப் பாக்கறா. மனசாட்சி இல்லாதவ எதுக்குங்க தொட்டுப் பாக்கணும்?"

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று வண்டிக்காரர் கையை உயர்த்தினார். "எந்த வாத்து?"

அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நர்ஸ் கடிதத்தை ஒளிச்சது மருந்துப் பெட்டிக்குள்ள. பஞ்சு உருண்டைக்குக் கீழ. நான் ரெண்டு தடவை பாத்தேன். அலமாரியும் கெடையாது, காலண்டரும் கெடையாது. வாத்து எங்கேருந்து வந்துச்சு?"

"பதினாலாம் பகுதியில குளத்துல ஒரு வாத்து நீந்துமே" என்றாள் ஒருத்தி.

"அது கொக்கும்மா! நின்னுக்கிட்டிருக்கும்!"

வாத்தா கொக்கா என்று அங்கே தனியாக ஒரு வழக்கு ஆரம்பித்துவிட்டது. பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளுக்கோ காது அடைத்துப்போயிற்று. வாத்துப் படம் போட்ட காலண்டர் தாள் இந்த உலகத்தில் ஒரே ஓர் அலமாரியில்தான் விரித்திருந்தது. அவர்கள் வீட்டு அலமாரியில். அவள் கையால் விரித்தது.

அக்காவுக்குத் தெரியும்!

எப்போதிலிருந்து? நேற்றா? போன மாதமா? தெரிந்துகொண்டே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாளா? ஓடிப்போய் எங்காவது அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனால் பதினோரு பேர் நடுவில் எங்கே ஓடுவது? வாயைத் திறந்தபோது வழக்குத்தான் வந்தது.

"நான் ஒரு கேள்வி கேக்கணும்" என்றாள். "பாட்டுக்காரிக்கு... அவளுக்கு இது எப்போ தெரியும்?"

"அவளுக்கு எங்கே தெரியும்? இன்னும் கதையே வரலையே" என்றார் வண்டிக்காரர்.

"உங்களைக் கேக்கல. அவங்களைக் கேட்டேன்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். அப்புறம், "ஒம்போதாம் நாளே தெரியும்" என்றாள்.

"கெடு பதினஞ்சு நாளு!"

"ஆமா. இன்னும் ஆறு நாள் இருந்துச்சு. போகணும்னு இருந்தா போயிருக்கலாம்."

"அப்போ ஏன் போகல?"

"பயம்தான். இவ ஒருத்திதான் பயந்தாளா? புது ஊரு, புது ஆளுங்க, தனியா ஒரு அறை. அவளுக்கும் கை கால் உதறிச்சு. போகாம இருக்க ஒரு சாக்குக் கெடச்சா போதும்னு இருந்தா. நர்ஸ் ஒளிச்சு வெச்சுட்டா. பழி அவ மேல போச்சு, பாட்டுக்காரிக்கு நிம்மதியாப் போச்சு. பாவம் நர்ஸு, தான் மட்டுந்தான் தப்புப் பண்ணினதா நெனச்சுக்கிட்டுத் தவிக்கறா."

கூடமே எழுந்து குதித்தது.

"அடேயப்பா! பாட்டுக்காரிக்குத் தெரியுமா! இது நமக்குத் தோணவே இல்லியே!" என்று வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதான் அன்னிக்கு அவ பாட்டுக் கிளாஸுக்குப் போகாம ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா! எழுதி வெச்சுக்குங்க, அடுத்த வாரம் இதுதான் வரப்போகுது!"

தகர டப்பா சுற்றி வந்தது. தையலம்மா கொட்டி எண்ணினார். கறுப்பு ஐந்து, வெள்ளை ஐந்து. ஒன்று குறைந்தது.

"யாரு போடல?"

சின்னவள் இரண்டு பொத்தானையும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "நான் நாளைக்குப் போடறேன்."

"இதென்ன புது வழக்கம்?" என்று தையலம்மா கத்தரிக்கோலைத் தூக்கினார். அதற்குள் மேற்பார்வையாளர் ஊதிவிட்டார். ஒரு மணி ஆனால் ஒரு நொடி தவறாமல் ஊதுவதால் அவருக்கு விசில் என்றே பெயர். வழக்கு மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

சகோதரிகள் ஒரு விரிப்பை எடுத்து ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்தார்கள். எந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே பேச்சுக் கேட்காது. பேச வேண்டுமென்றால் மூலைக்கு மூலை சேர்க்க நெருங்கி வருகிற அந்த நேரத்தில்தான் பேச முடியும்.

"மூணு வருஷம்" என்றாள் சின்னவள், நெருங்கி வந்தபோது.

விலகினார்கள், இழுத்து உதறினார்கள், மறுபடி நெருங்கினார்கள்.

"மூணு வருஷமா நான் செத்துப் பொழைச்சிருக்கேன். தபால்காரரைப் பாத்தா நடுங்குது. நீ தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்திருக்க!"

"ஒளிச்சு வெச்சப்புறம் அந்தக் கடிதத்தை ஒரு தடவையாவது எடுத்துப் பிரிச்சியாடி?"

"இல்ல. ஓரத்தை மட்டும் தொட்டுப் பாப்பேன்."

"அதான பாத்தேன்! நீ பிரிப்ப பிரிப்பன்னு நானும் காத்திருந்தேன். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி இருப்பாளா!"

"யாருடி பயந்தாங்கொள்ளி?" என்று அக்கா என்பதைக்கூட மறந்து சின்னவள் விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். பெரியவளும் விடவில்லை. டர்ர் என்று நடுவில் கிழிந்தது.

"நாசமாப் போச்சு! உங்க நர்ஸை விட எனக்கு நீங்க ரெண்டு பேருதான் பெரிய குற்றவாளி!" என்று மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையலம்மா போட்ட சத்தம் எந்திரத்தையும் தாண்டிக் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சின்னவள் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் அலமாரிக்குப் போனாள். ஸ்டூல் போட்டு ஏறி, வாத்தைத் தூக்கினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடிதத்தை வெளியே எடுத்துப் பிரித்தாள். முன்பக்கம் அவளுக்கு மனப்பாடம். திருப்பினாள். பின்பக்கத்தில் அக்காவின் கோணல் கையெழுத்து. மேலே தேதி, கடிதம் வந்த ஒன்பதாம் நாள்.

'பாத்துட்டேன். எனக்கும் போகப் பயமாத்தான் இருக்கு. நீ ஒளிச்சு வெச்சது நல்லதாப் போச்சு. ஆனாலும் கேக்காம ஒளிச்சது தப்பு. இதைப் பாத்ததும் வந்து என்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போ.'

சின்னவள் ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவில் பற்றிக்கொண்டு கோபம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பெரியவள் தரையில் உட்கார்ந்து பாப்பாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன். திட்டு."

பெரியவள் தங்கையின் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். "கழுதை" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அதைச் சொல்வதற்குள்ளேயே அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"முடிஞ்சுதா? இப்போ என் முறை." சின்னவள் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து பொத்தானை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கறுப்பு.

"இது உனக்கு. மூணு வருஷம் சொல்லாம என்னை வேக வெச்சதுக்கு."

"சரி, ஒத்துக்கறேன்" என்றாள் பெரியவள். "அப்போ அந்த வெள்ளை?"

"அது நாளைக்கு டப்பாவுக்குப் போகுது. நர்ஸுக்கு."

பெரியவள் கறுப்புப் பொத்தானை விரலில் உருட்டிப் பார்த்தாள். பாப்பாவின் சட்டையில் நடுவில் ஒரு பொத்தான் இல்லாமல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது இங்கே சரியா இருக்கும் போலிருக்கே. தையலம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். எழுந்து போய் ஊசி எடுத்துட்டு வாடி" என்றாள்.