கூடையில் போட்ட கோமாளி மீன்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் குறுக்கே போய் விலக்கிவிடத் தெரியவில்லை என்பது லாரிக்காரரின் கட்சி. பக்கத்து வீட்டில் அடிதடி என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ரோட்டில் என்றால் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே கண்ணாடித் தொட்டியில் பெரிய மீன் சின்னதைத் துரத்தித் துரத்திக் கடித்தால், "பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க மாமா, கை வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள்.

சொன்னவள் அவருடைய மருமகள். பல் டாக்டரிடம் உதவியாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே மடியில் மூடிபோட்ட வாளியோடு வந்திறங்கியவள். வாளிக்குள் இந்தப் பெரிய கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, யாரையும் மதிக்காத முழி. தனியாக இருக்கிறதே என்று நேற்றுத்தான் அதற்கு ஜோடியாகப் பாதி அளவில் ஒன்றை வாங்கி விட்டிருந்தாள். விட்டதிலிருந்து ரகளை.

"கொஞ்சம் கடிக்கும், அப்புறம் சமாதானமாயிடும். சின்னது மூலையிலேயே கிடந்தா மட்டும் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா நீ எங்கே எடுப்பே? உன் கை எவன் வாயிலயாவது இருக்கும்."

"கிளினிக் நம்பருக்குப் பண்ணுங்க மாமா."

மாமா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர். அடுத்தவர் சொல்லை அப்படியே நம்புகிற வழக்கமும் கிடையாது. லாரி ஓட்டிய காலத்தில், டயரில் காற்று சரியாக இருக்கிறது என்று கிளீனர் சத்தியம் செய்தாலும், இறங்கி ஓர் உதை விட்டுப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்.

காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். பெருசு பாய்ந்து வந்து சிறுசின் வாலைக் கவ்வியது. சிறுசு ஒருக்களித்துச் சாய்ந்து, குளிர்ஜுரம் வந்ததுபோல உடம்பெல்லாம் நடுங்கியது. திரும்பவும் ஒரு கடி. திரும்பவும் நடுக்கம்.

"டேய், பொம்பளைகிட்டயா வீரத்தைக் காட்டுறே?" என்று எழுந்துவிட்டார்.

சமையலறையிலிருந்து காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்தார். தொட்டி மூடியை எடுத்துக் கீழே வைத்தார். துணிக்கு மாட்டுகிற கிளிப்புகளால் கூடையைத் தொட்டி விளிம்பில் பாதி முங்கும்படி தொங்கவிட்டார். வலையால் பெருசை அள்ளி அதற்குள் போட்டார்.

"கிட அங்கேயே. புத்தி வரட்டும்."

சிறுசு நிம்மதியாகச் சுற்றும் என்று பார்த்தால், அது நேராகக் கூடையருகே போய், ஓட்டையோடு வாயை ஒட்டிக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு அங்கேயும் நடுக்கம்.

"ஏம்மா, உனக்கு ரோசமே கிடையாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு டம்ளரைக் கழுவப் போனார்.

பொத்தென்று ஒரு சத்தம்.

திரும்பி வந்தால் கூடை காலி. தொட்டிக்குள்ளும் பெருசைக் காணோம். கீழே வைத்த மூடி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது. முட்டி வலியையெல்லாம் மறந்து தரையில் மண்டியிட்டுத் தேடினார். செருப்பு அலமாரிக்கு அடியில், தூசியும் முடியும் ஒட்டிக்கொண்டு கிடந்தது பெருசு. கையை நனைத்து, அள்ளி, தண்ணீரில் விட்டார். கல் மாதிரி அடிமணலுக்குப் போய் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அசைவில்லை.

வாளியோடு வந்திறங்கிய மருமகளின் முகம் கண்முன் நின்றது. போனை எடுத்தார்.

"என் மருமகளைக் கூப்பிடும்மா. மூச்சுப் பேச்சில்லாம கிடக்குது."

"ஐயோ, யாரு சார்?"

"மீனு."

"சார், இது பல் ஆஸ்பத்திரி."

"அதுக்கும் பல்லு இருக்குது, அதனாலதான் இவ்வளவு வம்பும். கூப்பிடும்மா!"

வைத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். சிறுசு இறங்கி வந்து பெருசைச் சுற்றியது, வயிற்றில் முட்டியது. அப்போது பெருசின் செவுள் லேசாகத் திறந்து மூடியது. இன்னொரு தடவை. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் முதல் வேலையாகச் சிறுசை ஒரு கடி கடித்தது.

"கடி! நல்லாக் கடி, ராசா!" என்றார் லாரிக்காரர். குரல் உடைந்தது அவருக்கே தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

மருமகள் ஓடிவந்தாள். ஒரு கையில் உறை கழற்றாமலே இருந்தது.

"நான்தான் கை வச்சேன். கூடையில போட்டேன். மூடாம விட்டேன். குதிச்சிட்டான்," என்று வாசலிலேயே போட்டுடைத்தார்.

அவள் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துடுப்பு, செவுள், கண். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணும் ஆகல மாமா. ஆனா குதிச்சிட்டான் இல்ல, குதிச்சிட்டா. பெருசுதான் பொண்ணு."

"என்னது?"

"சின்னதுதான் புருஷன். அது நடுங்குறது, நீதான் பெரியவள்னு ஒத்துக்கிறதுக்கு. ஒத்துக்கிட்டா அவ விட்டுடுவா. இந்த மீனெல்லாம் பொறக்கறப்போ ஆம்பளைதான். அதுல பெருசா ஆகுறது பொண்ணா மாறிடும்."

"யாரு சொன்னா? மீன் கடைக்காரனா? விக்கிறவன் எதை வேணும்னாலும் சொல்லுவான்."

"அப்ப உங்க புள்ளையைக் கேளுங்க. என்னைக் கண்டா அவரும் நடுங்கத்தானே செய்றாரு?"

அவள் சிரித்த சிரிப்பில் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. தொட்டிக்குள் சிறுசு ஒரு முறை நடுங்கியது. பெருசு கடிக்காமல் அதை உரசிக்கொண்டு போனது. பின்னாலேயே சிறுசும் போனது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

மூடியை எடுத்துத் தொட்டிமேல் வைத்து நாலு மூலையிலும் அமுக்கிப் பார்த்தார். கிளிப்பெல்லாம் பிடுங்கினார். கூடையை உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆம்பளை பொம்பளையா மாறுதாம். கேக்கறவன் கேனையன்னா எதையும் சொல்லுவாங்க," என்று முனகியபடி சமையலறைப் பக்கம் நடந்தார்.