வலது மார்புக்கு மாறிய பதக்கம்

அணிவகுப்பின் வாத்தியம் போர்ட்ஸ்மவுத் தெருமுனைக்கு வந்துவிட்டது. எட்னாவோ கத்தரிக்கோலால் கொழுந்தனின் கோட்டிலிருந்து நடுப்பதக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு? எல்லாரும் எனக்காகக் காத்திருக்காங்க!" என்று பதறினான் வில்ஃப்ரெட்.

"காத்திருக்கட்டும். மாவீரன் இல்லாம ஊர்வலம் நகருமா?"

கடற்படை பீரங்கிக்காரனாக இருபது வருடம் இருந்ததற்கு வில்ஃப்ரெட்டுக்கு மூன்று பதக்கங்கள். ஒன்று, போருக்குப் போன எல்லோருக்கும் கிடைத்தது. இன்னொன்று நன்னடத்தைக்கு, அதாவது இத்தனை வருடம் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு. நடுவில் இருந்ததுதான் வீரப்பதக்கம். கப்பல் தீப்பிடித்தபோது, வெடிமருந்து வெடித்துவிடாமல் இருக்க, அந்த அறைக்கு வெளியே இருந்த தண்ணீர்க்குழாய்ச் சக்கரத்தைத் திருகி, உள்ளே கடல்நீரைத் திறந்துவிட்டானாம். உள்ளே அண்ணன் ஆல்பர்ட் இருந்தது தெரியாதாம். எட்னாவின் கணவன் அப்படித்தான் செத்தான்.

எட்னா பதக்கத்தை வலது மார்பில் வைத்துத் தைத்தாள்.

"அந்தப் பக்கம் செத்த சொந்தக்காரங்க பதக்கத்தைத்தானே குத்துவாங்க? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். கழட்டினா மேடையில ஏறிப் பேசுவேன்."

"என்னத்தப் பேசுவீங்க?"

எட்னா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கப்பல் துறைக்கு வந்ததும் அந்த அறையில தண்ணிய இறைச்சது, துறையில வேலை பார்த்த எங்கப்பா. மேலதிகாரி மிரட்டலுக்குப் பயந்து இத்தனை வருஷம் வாயைத் திறக்கல, நேத்து ராத்திரிதான் சொன்னார். வெளிச் சக்கரம் அசையவே இல்லையாம், வில்ஃப்ரெட். உள்சக்கரத்துலருந்து ஆல்பர்ட்டோட விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்ததே அவர்தான்."